கண்ணு மங்குதா? மாத்திரையை நிறுத்தினீங்களா?



இந்த மாதப் பாடம் கண்ணைப் பற்றியது. ஆனால் கண்புரை, வெள்ளெழுத்து பற்றி இல்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் கண்ணில் என்னென்ன தொந்தரவு வரும், வந்தால் என்ன செய்யணும் என்பதுதான் பாடம். "மனசுக்கு மாத்திரையா? நம்ம குழுவுல யாரு அதெல்லாம் சாப்பிடறா?" என்று கேட்கிறவங்க இருப்பீங்க. நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். எங்க குழுவிலேயே, எங்களுக்குக் கணக்கு எழுதுகிறவரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது நாலு வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பேரு போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் ஊக்குநர் அக்கா என்றே எழுதுகிறோம். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, "சரி, அனுப்புங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் இது உங்க கைக்கு வருகிறது.

கஜாவுக்குப் பிறகு

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நம்ம வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அந்த ராத்திரியைப் பற்றி நம்ம ஆட்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மா, முந்திரி, தென்னை எல்லாம் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. அக்கா வீட்டுக்குக் கொல்லையில் தென்னைதான் வருமானம். நட்டுத் தண்ணி ஊத்தி, காய்ப்புக்கு வர அஞ்சாறு வருஷம் ஆகும் மரம். காலையில் எழுந்து பார்த்தால் வானம்தான் தெரிந்தது, மரம் தெரியவில்லை என்று சொல்வார்.

அதுக்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போச்சு. சோறு இறங்கவில்லை. கூட்டத்துக்கு வருவார், எழுதுவார், போவார். சிரிப்பு மட்டும் இருக்காது. "புயலடிச்ச வீடு, அப்படித்தான் இருக்கும்" என்று நாங்க விட்டுவிட்டோம். இதில் எங்க தப்பும் உண்டு. 2004 சுனாமிக்கு அப்புறம்தான் மனநல ஆலோசனை என்ற சொல்லையே நம்ம கடற்கரை ஊர்களில் பலர் முதல்முறை கேட்டோம். பதினாலு வருஷத்தில் அதை மறந்தும் போனோம்.

அக்காவின் தம்பிதான் 2019 தொடக்கத்தில் அவரை வெளியூருக்கு அழைத்துப்போய் மனநல மருத்துவரிடம் காட்டினார். எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று. ஒரு மாசத்தில் தூக்கம் வந்தது, ரெண்டு மாசத்தில் சோறு பிடித்தது. தென்னை இருந்த இடத்தில் மறுபடி கன்னு வைத்தார். கோடையில் அகஸ்தியன்பள்ளி உப்பளத்துக்கு வேலைக்கும் போனார். மாத்திரை வேலை செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். கீழே வருகிற தொந்தரவைப் படித்துவிட்டு, "அந்த மாத்திரையே ஆகாது" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது.

உப்பளத்தில் கண் கூசிய கதை

2023 சித்திரையில் அக்கா மாத்திரையை நிறுத்தினார். காரணம் கேட்டால் மூணு சொல்கிறார். நல்லாத்தானே இருக்கிறோம் என்ற நினைப்பு ஒன்று. பொண்ணைப் பார்க்க வருகிற நேரத்தில் வீட்டில் இந்த மாத்திரை அட்டை கிடந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற பயம் இன்னொன்று. மூணாவது, அட்டை தீர்ந்துபோச்சு, மறுபடி வாங்கப் போக ஒரு நாள் கூலி போகும். டாக்டரைக் கேட்கவில்லை. ஒரே நாளில் விட்டுவிட்டார்.

ரெண்டு நாள் ஒன்றுமில்லை. மூணாம் நாள் காலையில் தலை கிறுகிறுத்தது. உப்பளத்தில் இறங்கி நின்றால், வெள்ளை வெள்ளையாய்க் குவிந்துகிடக்கிற உப்பில் வெயில் பட்டுக் கண்ணைக் குத்தியது. உப்பளத்தில் யாருக்கும் கண் கூசும்தான், இருபது வருஷம் வேலை பார்த்தவருக்கு அது புதுசில்லை. ஆனால் அன்றைக்குக் கண்ணைத் திறக்கவே முடியவில்லையாம். பக்கத்தில் நிற்கிறவர் யாரென்று தெரிய ரெண்டு மூணு நொடி ஆனது. அதைவிடப் பயமுறுத்தியது இன்னொன்று. பாத்தியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள்ளே சுரீர் என்று கரண்டு அடித்த மாதிரி ஒரு வெட்டு. கண்ணை இடதுபக்கம் திருப்பினால் ஒரு வெட்டு, வலதுபக்கம் திருப்பினால் ஒரு வெட்டு.

"பிரஷரா இருக்கும்" என்றார் ஒருவர். "கண்ணேறு பட்டிருக்கு, சுத்திப் போடு" என்றார் மதினி. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைத்துக் கட்டிப் பார்த்தார். மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி ஊத்தினார். பிறகு ஒரு கண் முகாமுக்குப் போனார். எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்லி, "கண்ணு நல்லாத்தான் இருக்கு, வயசு 44 ஆச்சு, வெள்ளெழுத்து" என்று கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டும் மங்கல் போகவில்லை. அங்கே யாரும் "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும் கதை, மூணு வாரம் இழுத்தது. மூணு வாரக் கூலியும் போச்சு.

கணக்கு நோட்டுதான் காட்டிக்கொடுத்தது. அந்த மாதக் கூட்டத்தில் சேமிப்பு எழுதும்போது 100 ரூபாய் சந்தாவை ஒருத்தருக்கு மேல் வரியிலும் இன்னொருத்தருக்குக் கீழ் வரியிலும் மாற்றி எழுதிவிட்டார். பதினஞ்சு வருஷத்தில் அடித்து எழுதாத கை அது. தலைவி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கண்ணு தெரியலயா?" என்று கேட்டதும் அக்கா அழுதுவிட்டார். "எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போவுது புள்ள. மண்டைக்குள்ள மின்னல் அடிக்குது" என்றார். அப்போதுதான் மாத்திரை விஷயமும் வெளியே வந்தது.

பைத்தியமும் இல்லை, கண்ணேறும் இல்லை. மாத்திரையைத் திடீரென்று விட்டால் உடம்பு காட்டுகிற எதிர்ப்பு அது. மருத்துவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

எதனால் இப்படி?

கண் பார்க்கிறது என்கிறோம். பாதி வேலைதான் கண் செய்கிறது, மீதியை மூளை செய்கிறது. நடுவில் இருக்கிற கண்மணி வெளிச்சத்தில் சுருங்கணும், இருட்டில் விரியணும். பக்கத்தில் இருக்கிற ஊசியைப் பார்க்க உள்ளே இருக்கிற சின்னத் தசை இறுகணும், தூரத்தைப் பார்க்கத் தளரணும். தலையைத் திருப்பும்போது, பார்க்கிற பொருள் ஆடாமல் நிற்கக் கண் எதிர்ப்பக்கம் நகரணும். இத்தனைக்கும் உத்தரவு மூளையிலிருந்து நரம்பு வழியாக வருகிறது. அந்த உத்தரவைச் சுமந்து போகிற ரசாயனங்களில் ஒன்றுக்குப் பேர் செரடோனின். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளுவாக்சிடின் மாதிரி மாத்திரைகள் இந்தச் செரடோனினைத்தான் கூட்டிக் கொடுக்கின்றன. மாசக்கணக்கில் சாப்பிடும்போது மூளை அந்த அளவுக்கே தன்னைப் பழக்கிக்கொள்கிறது. ஒரே நாளில் எடுத்துவிட்டால் தடுமாறுகிறது. வெளிச்சம் கூசுவது, எழுத்து மங்குவது, தலை சுற்றுவது, கண்ணைத் திருப்பும்போது மண்டைக்குள் வெட்டுவது எல்லாம் அந்தத் தடுமாற்றம்தான். கூடவே சிலருக்கு வயிற்றுப் புரட்டல், காய்ச்சல் வருவது போன்ற உடம்புவலி, கெட்ட கனவு, காரணமில்லாத எரிச்சல், அழுகை எல்லாம் வரும்.

கண்ணைத் திருப்பினால் வெட்டுகிறது என்பதை அக்கா சொன்னபோது எங்களுக்கே நம்பச் சிரமமாக இருந்தது. அமெரிக்காவில் 2018-ல் வெளியான ஒரு ஆய்வில், மாத்திரையை விட்ட பலர் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். பக்கவாட்டில் கண்ணை நகர்த்தினால் மின்சாரம் தாக்கியது போல் இருக்கிறது என்று. எங்கேயோ இருக்கிற ஒரு பெண்ணும் அகஸ்தியன்பள்ளியில் இருக்கிற அக்காவும் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்றால் அது கற்பனை இல்லைதானே. பயமுறுத்தினாலும் அந்த வெட்டு மூளையைக் கெடுத்துவிட்டதாக இதுவரை யாரும் கண்டதில்லை.

எல்லாருக்கும் வருமா என்றால், வராது. 2024-ல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் 79 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கணக்கு வந்தது. மாத்திரையை நிறுத்தியவர்களில் ஏறத்தாழ 6 அல்லது 7 பேரில் ஒருவருக்கு, நிறுத்தியதாலேயே தொந்தரவு வருகிறது. கடுமையாக வருவது 35 பேரில் ஒருவருக்கு. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை கொஞ்ச மாசம் சாப்பிட்டவர்களை வைத்துச் செய்தவை. நம்ம அக்கா மாதிரி நாலஞ்சு வருஷம் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதலாக இருக்கலாம் என்று சொல்லுகிற மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

மாத்திரைக்கு மாத்திரையும் வித்தியாசம் உண்டு. தலைஞாயிறு பக்கம் கடைமடையில் இருக்கிறவங்களுக்கு இது எளிதாகப் புரியும். மேட்டூரில் ஷட்டரை இறக்கினாலும் சில வாய்க்காலில் தண்ணி பல நாள் நின்று மெதுவாக வற்றும், சிலது மறுநாளே தரை தெரியும். ஃப்ளுவாக்சிடின் மெதுவாக வற்றுகிற வாய்க்கால். விட்ட பிறகும் வாரக்கணக்கில் உடம்பில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், அதனால் தொந்தரவு குறைவு, வந்தாலும் தாமதமாக வரும். பராக்சிடின், வென்லாஃபாக்சின் ரெண்டும் சீக்கிரம் வற்றுகிறவை. ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தலை சுற்றும். எஸ்சிடலோபிராமும் செர்ட்ராலினும் நடுவில்.

உங்க டப்பாவையும் ஒருமுறை பாருங்க

"நமக்கு இது இல்லை, நாம மனசுக்கு மாத்திரை சாப்பிடல" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீங்க. அமிட்ரிப்டிலின் என்று ஒரு மாத்திரை உண்டு. மனச்சோர்வுக்கு வந்த பழைய மருந்து. ஆனால் இன்றைக்கு ஒற்றைத் தலைவலிக்கும், சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்கும், தீராத உடம்புவலிக்கும், தூக்கத்துக்கும் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். "நரம்பு மாத்திரை" என்று சொல்லிச் சாப்பிடுகிற எத்தனையோ பேருக்கு அது என்ன மாத்திரை என்றே தெரியாது. அதைச் சாப்பிடும்போதே சிலருக்குக் கிட்டத்தில் எழுத்து மங்கும், வாய் வறளும், கண்ணும் வறண்டு உறுத்தும். திடீரென்று விட்டால் வயிற்றுப் புரட்டலும் தூக்கமின்மையும் வரலாம். எங்க குழுவில் அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்ததில் இன்னும் ரெண்டு பேருடைய டப்பாவில் அது இருந்தது.

இன்னொன்றும் இதோடு சொல்லணும். அல்பிரசோலம், குளோனசெபாம், டயசிபாம் என்று பேர் போட்ட தூக்க மாத்திரை, பதட்ட மாத்திரைகள் வேறு வகை. அவற்றைப் பல மாசம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். அதில் விளையாட்டு வேண்டாம்.

அக்காவுக்கு என்ன செய்தோம்

தலைவியும் இன்னொரு உறுப்பினருமாக அக்காவை அதே மருத்துவரிடம் அழைத்துப் போனோம். போகும்போது மூணு பொருள் எடுத்துப்போனோம். பழைய மருந்துச் சீட்டு, தீர்ந்துபோன மாத்திரை அட்டை, ஒரு நோட்டுத் தாள். அந்தத் தாளில் எந்தத் தேதியில் மாத்திரையை விட்டார், எந்தத் தேதியில் என்ன தொந்தரவு வந்தது என்று எழுதியிருந்தோம். குழு நடத்திய பழக்கம் இதுக்கு உதவியது. டாக்டரம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தெளிவா யாரும் கொண்டு வர மாட்டாங்க" என்று சொன்னார்.

தேதி ஏன் முக்கியம் என்று அவர் விளக்கினார். மாத்திரையை விட்டு ரெண்டு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தொந்தரவு வந்தால், அதுவும் தலைச்சுற்றல், கண் கூச்சம், வெட்டு என்று முன்னே இல்லாத புது மாதிரி வந்தால், அது மாத்திரையை விட்டதால் வந்தது. பல வாரமோ மாசமோ கழித்து, பழைய மாதிரியே தூக்கம் போய், எதிலும் பிடிப்பு இல்லாமல், வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினால் அது பழைய நோயே திரும்பி வருகிறது என்று அர்த்தம். ரெண்டுக்கும் வைத்தியம் வேறு. எப்போதும் இப்படிப் பிரித்துப் பார்த்துவிட முடியாது, சிலருக்கு ரெண்டும் கலந்தும் வரும் என்றும் சொன்னார்.

மறுபடி 10 மில்லிகிராமே ஆரம்பித்தார்கள். அக்காவுக்கு முதலில் விருப்பமில்லை. "விட்டதையே திரும்பப் பிடிக்கவா?" என்றார். ஆனால் நாலாம் நாளில் வெட்டு நின்றது, வாரத்துக்குள் கண் தெளிந்தது. அதுக்கப்புறம் எந்தக் கண்ணாடியும் இல்லாமல் உப்பளத்தில் நின்றார். கிட்டத்தில் பார்க்க மட்டும் அந்த வெள்ளெழுத்துக் கண்ணாடி இப்போது உதவுகிறது, அதனால் அந்தக் காசு வீணில்லை என்று சிரிக்கிறார்.

பிறகு மெதுவாகக் குறைத்தார்கள். அவசரமே படவில்லை. ஒரு மாசம் பார்த்துவிட்டு 5 மில்லிகிராம். ரெண்டு மாசம் கழித்து அதில் பாதி. கடைசியில் அந்தப் பாதியையும் குறைத்து நிறுத்தவே இன்னும் மூணு மாசம் எடுத்துக்கொண்டார்கள். கடைசிக் கொஞ்சத்துக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று எங்களுக்குப் புரியவில்லை. டாக்டரம்மா சொன்ன கணக்கு இது: மாத்திரை அளவு பாதியானால் மூளையில் அதன் வேலையும் பாதியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. 20-லிருந்து 10-க்கு வந்தால் கொஞ்சம்தான் குறையும். 5-லிருந்து ஒன்றுமில்லாமல் போனால்தான் பெரிய வீழ்ச்சி. கிணத்துப்படியில் மேல் படிகள் எல்லாம் சின்னச் சின்னதாக இருந்து, கடைசிப் படி மட்டும் ஆள் உயரம் இருந்தால் எப்படியோ, அப்படி. கடைசியில் குதிக்காமல் இறங்கணும். இங்கிலாந்தின் மனநல மருத்துவர் சங்கமும் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இதே மாதிரி மெதுவாகக் குறைக்கத்தான் சொல்கிறது.

இந்த அளவு அக்காவுக்கு அவர் டாக்டர் சொன்னது. இதைப் பார்த்து நீங்க வீட்டில் மாத்திரையை உடைக்க ஆரம்பிக்கக் கூடாது. சில மாத்திரைகளை உடைக்கவே கூடாது, சில கேப்சூல்களைத் திறக்கக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டுக் குறைக்கலாம் என்று நம்ம ஆட்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். சீக்கிரம் வற்றுகிற மாத்திரைக்கு அது ஆகாது, தினமும் ஏறி இறங்கித் தொந்தரவுதான் கூடும்.

குறைக்கும் நாட்களில் கண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது

மெதுவாகக் குறைத்தபோதும் அக்காவுக்கு ஒவ்வொரு படியிலும் நாலஞ்சு நாள் லேசான மங்கல் வந்தது. முன்னே போல் பயப்படவில்லை, ஏன் வருகிறது என்று தெரிந்ததே பாதி மருந்து என்கிறார். அளவு குறைக்கும் நாளை உப்பு வாரும் வேலை இல்லாத நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டார். வேலைக்குப் போன நாளில் காலை வெயில் ஏறும் முன்னே முடிக்கிற வேலையாகக் கேட்டு வாங்கினார். தலையில் துண்டை முன்னே இழுத்துக் கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். முதலில் எல்லாரும் கேலி பண்ணினார்கள். இப்போது அங்கே நாலு பேர் போடுகிறார்கள். உண்மையில் உப்பளத்தில் வேலை செய்கிற எல்லாருமே போட வேண்டியதுதான் அது.

கண்ணை மட்டும் சட்டென்று திருப்பாமல் தலையையும் சேர்த்து மெதுவாகத் திருப்பினால் வெட்டு குறைகிறது என்று அவரே கண்டுபிடித்தார். தலை சுற்றினால் உட்கார்ந்து, வாசற்கால் மாதிரி அசையாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் டிவிஎஸ் ஓட்டவில்லை, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி பக்கம் மருமகளை நிற்கச் சொன்னார், கிணத்தடிக்குத் தனியே போகவில்லை. கணக்கு நோட்டை ரெண்டு மாசம் பிரதிநிதி எழுதினார். செல்போனில் விரல் தள்ளித் தள்ளிப் பார்ப்பது கண்ணை வேகமாக ஓட விடுகிற வேலை, அதைக் குறைத்தபோது நல்லா இருந்தது என்கிறார். கண் உறுத்தினால் இமையை அடிக்கடி மூடித் திறந்து, குளிர்ந்த தண்ணியில் நனைத்த சுத்தமான துணியை மூடிய கண்மேல் வைத்தார்.

பூவும் எண்ணெயும் தாய்ப்பாலும் கண்ணுக்குள் வேண்டாம், சீழ் பிடிக்கும். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் சிலதில் ஸ்டீராய்டு இருக்கும். ஊத்தினவுடனே சுகமாக இருக்கும், நாளாக ஆகக் கண் நீர் அழுத்தத்தைக் கூட்டிப் பார்வையையே கெடுக்கும். புதுக் கண்ணாடி அளவு எடுக்கிறதானால், தொந்தரவு அடங்கிச் சில வாரம் கழித்து எடுப்பது நல்லது. இப்போது எடுத்த அளவு அப்போது மாறிப்போகலாம்.

ஒரு வேளை மாத்திரை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு ரெண்டாகச் சாப்பிடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரியிடம் கடன் வாங்கியும் சாப்பிடக் கூடாது. பேரு ஒன்றாக இருந்தாலும் அளவு வேறாக இருக்கும்.

இது வந்தால் காத்திருக்க வேண்டாம்

எல்லா மங்கலையும் மாத்திரை மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தால் அதுவும் ஆபத்து. கண்ணில் கடுமையான வலி, கண் சிவப்பு, விளக்கைச் சுத்தி வண்ண வளையம், கூடவே வாந்தி இதெல்லாம் சேர்ந்து வந்தால் அன்றைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போகணும். கண்ணுக்குள் நீர் அழுத்தம் திடீரென்று ஏறுகிற நோய் அது. இந்த மாத்திரைகளை ஆரம்பிக்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் சிலருக்கு வரலாம், பெண்களுக்கும் வயசானவர்களுக்கும் கூடுதலாக வரும். ஒரு நாள் தாமதித்தால் பார்வையே போகலாம். ஒரு கண்ணில் திரை விழுந்த மாதிரி மறைப்பது, புதிதாய் மின்னலும் கறுப்புப் புள்ளிகளும் நிறையத் தெரிவது, ஒன்று ரெண்டாகத் தெரிவது, பார்வை சட்டென்று போவது, கூடவே வாய் கோணுவது, கை கால் விழுவது எல்லாமும் அப்படித்தான். சர்க்கரை இருக்கிறவர்களுக்கு மங்கல் வந்தால் கண்ணுக்குள்ளே மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லணும், எழுத்துப் பலகை போதாது.

மனசு விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. மாத்திரையைக் குறைக்கிற நாட்களில் செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் அது ஒரு நாள்கூடப் பொறுக்கிற விஷயம் இல்லை. டெலிமனாஸ் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு இல்லை, தமிழில் பேசுவார்கள். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. மாத்திரை பற்றிய சந்தேகத்துக்கும் கூப்பிடலாம். எங்க தலைவி ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தார், மரியாதையாகத்தான் பேசினார்கள்.

மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்க தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்க. வீட்டுக்கு வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிற மக்களைத் தேடி மருத்துவப் பணியாளரிடம் கேட்டாலும் விசாரித்துச் சொல்வார். அட்டையில் அஞ்சு நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே போகணும், தீர்ந்த பிறகு இல்லை. மழைக்காலத்தில் பத்து நாள் இருக்கும்போதே. ஐப்பசி கார்த்திகையில் நம்ம பக்கம் ரோடு எப்போது துண்டிக்கும் என்று யாருக்குத் தெரியும்.

எங்க குழுவில் போட்ட தீர்மானம்

அக்கா விஷயத்துக்குப் பிறகு ரெண்டு தீர்மானம் போட்டோம். வைத்தியத்துக்குப் போய்வர 500 ரூபாய் வரை வட்டியில்லாக் கைமாற்று, காரணம் கேட்காமல். எந்த நோய், எந்த டாக்டர் என்று நோட்டில் எழுத மாட்டோம், "மருத்துவம்" என்று மட்டும் எழுதுவோம். இதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. காரணம் தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்று ரெண்டு பேர் கேட்டார்கள். காரணம் கேட்டதால்தானே அக்கா நாலு வருஷம் மறைத்தார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள், ரெண்டு பேர் அடுத்த கூட்டத்தில் போட்டார்கள்.

மற்றது, வருஷத்தில் ஒரு கூட்டத்துக்கு அவரவர் சாப்பிடும் மாத்திரை அட்டையை எடுத்துவருவது. யாருக்கும் காட்டக் கட்டாயமில்லை. பேரை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்து, ஒரு சின்னத் தாளில் தமிழில் எழுதிக் கொடுக்கிறோம். அந்தத் தாளை முருகன் படத்துக்குப் பின்னாலோ ரேஷன் கார்டு கவரிலோ வைத்துக்கொள்கிறார்கள். கண் முகாமுக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் எங்கே போனாலும் அதைக் காட்டுகிறார்கள்.

ஊக்குநர் அக்கா மாத்திரையை முழுசாக விட்டது 2024 தொடக்கத்தில். மூணு மாசத்துக்கு ஒருமுறை டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறார். நோய் திரும்பினால் மறுபடி சாப்பிடத் தயார் என்கிறார், அதில் இப்போது அவருக்கு வெட்கமில்லை. பொண்ணுக்கு அந்த வருஷம் ஆவணியில் கல்யாணம் ஆனது. சம்பந்தி வீட்டம்மாவிடம் அக்காவே இந்தக் கதையைச் சொன்னபோது அந்தம்மா கேட்டது: "அந்தத் தலைவலி மாத்திரைக்குப் பேரு என்ன சொன்னீங்க, சம்பந்தி? நானும் ஒண்ணு சாப்பிடறேன்."